இடைவேளையில் முடிந்த படம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் பல் டாக்டரின் க்ளினிக்கில் யாருக்கும் பல் பிடுங்குவதில்லை. அன்றைக்கு அங்கே பிடுங்கப்படுவது சினிமா.

நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தின் சுவரில் ஈறு நோயின் நான்கு கட்டங்களை விளக்கும் பெரிய வண்ணப்படம் ஒட்டியிருக்கும். அதன்மேல் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினால் திரை தயார். வெளிச்சம் கூடுதலான காட்சிகளில் அடியிலிருக்கும் பற்கள் லேசாக மேலே வரும். ஒருமுறை பாலைவனக் காட்சியில் அடிவானத்தில் ஒரு கடைவாய்ப்பல் மங்கலாகத் தெரிய, அது நாகரிகத்தின் சிதைவைக் குறிக்கிறது என்று அரைமணி நேரம் பேசினார்கள். அது மூன்றாம் கட்டம் என்று டாக்டருக்குத் தெரியும். அவரும் தலையாட்டினார்.

கூட்டத்தின் பெயர் நல்ல சினிமா வட்டம். பெயர்தான் வட்டம், நாற்காலிகள் வரிசையாகத்தான் போடப்படும். முன்வரிசையில் மெத்தை நாற்காலிகள், பின்வரிசையில் பிளாஸ்டிக். யார் எதில் உட்கார்வது என்பதில்தான் நல்ல சினிமாவின் பாதி அடங்கியிருந்தது.

முன்வரிசையின் நடுவில் பேராசிரியர். இவர் எந்தக் கல்லூரியிலும் பாடம் நடத்தியவரல்ல. டைப்ரைட்டிங் வகுப்பு நடத்தி ஓய்ந்தவர். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும், மணியடித்து வரி மாறக் காத்திருப்பதுபோல் ஓர் இடைவெளி விடுவார். அந்த இடைவெளியில் மற்றவர்கள் ஆஹா என்று சொல்லிக்கொள்ளலாம். அவருக்கு வலப்பக்கம் தசமம். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. படத்துக்குப் பத்துக்கு எட்டு என்று முழுசாக மதிப்பெண் கொடுத்ததில்லை, புள்ளி வைத்துத்தான் கொடுப்பார். இடப்பக்கம் முதல்நாள். செல்போன் கடை வைத்திருக்கும் இளைஞர். எந்தப் புதுப்படம் வந்தாலும் முதல் காட்சியே பார்த்துவிட்டு, யாரும் போகாதீர்கள் என்று ஊருக்குச் சொல்வதைச் சமூக சேவையாகச் செய்பவர்.

"போன வாரம் வந்த படம் எப்படி?" என்று பேராசிரியர் கேட்பார்.

"ரெண்டாவது பாதி இழுவை சார். முதல் பாதி அதுக்கு மேல."

"பழைய படத்துல இழுவைன்னு ஒண்ணு உண்டா?"

"அதை நிதானம்னு சொல்வாங்க சார்."

"கத்துக்கிட்டே."

பின்வரிசையில், சுவரோரம், கடைசி பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தவர் கண்ணாடிக்காரர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. நாற்காலி போடுவது, விரிப்புக் கட்டுவது, டீ வாங்கி வருவது எல்லாம் அவர் பொறுப்பு. பொறுப்பு என்று மரியாதைக்குச் சொல்கிறோம், அது தண்டனை.

வட்டத்தில் வாரம் ஒருவர் ஒரு படத்தைச் சிபாரிசு செய்வார். படம் முடிந்ததும் எல்லாரும் கருத்து சொல்வார்கள். சிபாரிசு செய்தவர் மட்டும், விளக்கு அணைந்ததிலிருந்து கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. திறந்தால் படமும் செல்லாது, ஆளும் செல்லாது. முன்பு ஒரு வக்கீல் தன் படத்துக்கு முதல் காட்சியிலிருந்தே வாதாடத் தொடங்கி, படத்தை நிறுத்திவிட்டு அவரைக் கேட்க வேண்டிய நிலைமை வந்தது. அன்று பிறந்த விதி இது. வாரம் முழுக்க 'வாயைத் திறங்க' என்று சொல்லும் அறையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாயை மூடச் சொல்வார்கள்.

கண்ணாடிக்காரர் இதற்கு முன் ஒரே ஒரு தடவை சிபாரிசு செய்திருந்தார். வீட்டுக்குள்ளேயே குடை பிடித்துக்கொண்டு மாமனாரிடமிருந்து ஒளிந்து திரியும் ஒரு மாப்பிள்ளையின் கதை. அன்று சிரித்த சிரிப்பில் பேராசிரியருக்குப் புரையேறியது. தசமம் நாற்காலியோடு சரிந்தார். டாக்டருக்குக் கண்ணில் தண்ணீர். படம் முடிந்ததும் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா இது சினிமா இல்லை" என்றார். தசமம் இரண்டு புள்ளி ஒன்று போட்டார். அன்று முதல் கண்ணாடிக்காரர் டீ வாங்குகிறார். இரண்டாவது தடவையும் படம் தோற்றால் அந்த பிளாஸ்டிக் நாற்காலியும் கிடையாது.

போனால் போகிறது என்று விடுகிற மனுஷனல்ல அவர். நாள் முழுக்கக் கடையில் நின்று, 'இது தெளிவா தெரியுதா, அது தெளிவா தெரியுதா' என்று ஊரையே கேட்பவர். அவருக்கு என்ன தெரிகிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. வாரத்தில் ஒருநாள், முன்வரிசையில் உட்காரவைத்து, 'நீங்க என்ன நினைக்கிறீங்க' என்று யாராவது கேட்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

ஆகவே இந்தத் தடவை அவர் சிரிப்பின் பக்கமே போகவில்லை. 'கரையோரக் கடிகாரம்' என்ற பழைய படத்தைத் தேர்ந்தெடுத்தார். துறைமுக ஊரில் கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு அப்பா, அவருக்கு ஒரே மகள். மகள் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொள்ள, கல்யாண வீட்டிலேயே சண்டை, இடைவேளை. பிறகு அப்பா படுத்த படுக்கையாகிச் சாகிறார். மகள் ஓடி வந்து, நின்றுபோன கடிகாரங்களுக்கெல்லாம் அழுதுகொண்டே சாவி கொடுக்கிறாள், முற்றும். கறுப்பு வெள்ளை, அப்பா, மகள், சாவு. இதைவிடப் பத்திரமான படம் உலகத்தில் கிடையாது. அவருக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் அது தற்செயல்.

படம் இரண்டு சி.டி. வட்டுகளில் இருந்தது. எது முதல் என்று தெரிவதற்காகக் கடையிலிருந்த ஸ்டிக்கர்களை எடுத்து ஒட்டினார். கண்ணாடிக் கடையில் எப்போதும் வலது கண்தான் முதலில்; பிறகுதான் இடது. இத்தனை வருஷப் பழக்கம், கை யோசிக்கவில்லை. முதல் பாதியில் 'வலது', இரண்டாம் பாதியில் 'இடது' என்று ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு டீ வாங்கப் போனார்.

டாக்டர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாம் படிப்பது இடமிருந்து வலம்தானே என்று இடதை எடுத்துப் போட்டார். விளக்கு அணைந்தது.

எடுத்த எடுப்பிலேயே கடிகாரக்காரர் கட்டிலில் கிடந்து இருமினார்.

டீத் தட்டோடு நுழைந்த கண்ணாடிக்காரர் வாசலிலேயே நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். விளக்கு அணைந்துவிட்டதே. கையால் திரையைக் காட்டி, காற்றில் முன்பின்னாக ஏதோ வரைந்து பார்த்தார்.

"சார் கை நடுங்குது பாருங்க," என்று முதல்நாள் கிசுகிசுத்தார். "எத்தனை தடவை பார்த்தாலும் தாங்கல போல."

அப்பா செத்தார். மகள் வந்தாள், சாவி கொடுத்தாள். திரையில் 'முற்றும்' என்று வந்தது. டாக்டர் ஒரு கணம் தயங்கினார். கையில்தான் இன்னொரு வட்டு இருக்கிறதே. போட்டார். வயலின் இசையோடு படத்தின் பெயர் வந்தது, நடித்தவர்கள் பெயர் வந்தது, செத்துப்போன அப்பா ஜம்மென்று தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் ஒரே நேரத்தில் எல்லாரும் மூச்சு இழுத்த சத்தம். கடைசியில் கல்யாண வீட்டுச் சண்டை, மகள் வாசலைத் தாண்டினாள், 'இடைவேளை' என்று திரை முழுக்க எழுத்து. அதோடு படம் நின்றது.

யாரும் விளக்கைப் போடவில்லை. சினிமா வட்டத்தில் அதற்கு மேல் மரியாதை கிடையாது.

"சாவுல ஆரம்பிக்கிறான்," என்றார் பேராசிரியர். இடைவெளி. "முற்றும்னு நடுவுல போடறான்." இடைவெளி. "அதுக்கப்புறம்தான் வாழ்க்கையே வருது. கடைசியில என்ன போடறான்? இடைவேளை. இந்த மொத்தப் பிறவியும் ஒரு இடைவேளைதான்யா."

"பாதிப் படம் முடிஞ்சப்புறம்தான் தன் பேரையே போட்டுக்கறாங்க," என்றார் டாக்டர். "அந்தக் காலத்துல என்ன அடக்கம் பாருங்க."

"இந்த மாதிரி முன்பின்னா கதை சொல்றதை இப்பத்தான் கண்டுபிடிச்ச மாதிரி அலட்டிக்கறாங்க," என்றார் முதல்நாள். "அப்பவே செஞ்சு முடிச்சுட்டாங்க."

தசமம் கால்குலேட்டர் இல்லாமலே ஒன்பது புள்ளி இரண்டு போட்டார். அவர் சொந்தத் தம்பியின் கல்யாண வீடியோவுக்கே ஆறு புள்ளி எட்டுதான் கொடுத்தவர்.

எல்லாரும் பேசி முடித்ததும் கண்ணாடிக்காரர் எழுந்தார். "அது வந்து, உண்மையில..."

"வேணாம்," என்று பேராசிரியர் கை உயர்த்தினார். "கொடுத்தவர் விளக்கினா படம் சின்னதாயிடும். முன்னாடி வாங்க. இப்படி உட்காருங்க."

மெத்தை நாற்காலி. உட்கார்ந்ததும் புஸ்ஸென்று அடங்கியது. கண்ணாடிக்காரரும் அடங்கினார்.

"உலக சினிமா பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டார். அந்தக் கேள்வி காதில் தேனாக விழுந்தது. என்ன பதில் சொன்னார் என்பது அவருக்கே நினைவில்லை. எல்லாரும் தலையாட்டியது மட்டும் நினைவிருந்தது.

அவருடைய மனைவி கடையில் ஃப்ரேம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பவள். 'இது உங்க முகத்துக்கு ஆந்தை மாதிரி இருக்கு' என்று வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லி, விலை அதிகமான ஃப்ரேமையெல்லாம் திரும்ப அலமாரியில் வைக்கவைப்பவள். சாயங்காலம் அவளிடம் நடந்ததைச் சொன்னார்.

"ஏங்க, செத்துப்போன மனுஷன் எப்படிங்க மக கல்யாணத்துல பந்தல்ல நின்னாரு?"

"அது நினைவாம்."

"யாரோட நினைவு? அவருதான் போய்ச் சேர்ந்துட்டாரே."

"படத்தோட நினைவாம்."

அவள் கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். பிறகு, "மாத்திப் போட்டுட்டீங்கன்னு சொல்லிட வேண்டியதுதானே," என்றாள்.

"சொன்னா முன்வரிசை போயிடும்."

"முன்வரிசையில உட்கார்ந்தா கழுத்துதான் வலிக்கும். இதுக்கா இந்தப் பாடு?"

சொல்லியிருப்பார். சொல்வதற்குள் மறுநாளே டாக்டர் கடைக்கு ஓடி வந்தார். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"சார், நம்ம படத்தோட எடிட்டர் இந்த ஊர்லதான் இருக்காரு. மக வீட்டுல. என்கிட்டதான் பல்செட்டுக்கு அளவு கொடுத்திருக்காரு. பேச்சுவாக்குல சொன்னாரு, எனக்குக் கையில இருந்த அச்சே நழுவிடுச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை கூப்பிட்டிருக்கேன். மறுபடி நம்ம படத்தைப் போடறோம், அவரை வச்சுக்கிட்டே பேசறோம். பேராசிரியர் கட்டுரையே எழுதிட்டாரு."

டாக்டர் போன பிறகு மனைவி கணவரைப் பார்த்தாள். "போச்சு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்காரர் எல்லாருக்கும் முன்பே போனார். நாற்காலி போடுகிற சாக்கில் ஸ்டிக்கர்கள் இரண்டையும் நகத்தால் சுரண்டி எடுத்து, இடம் மாற்றி ஒட்டினார். வெட்டி ஒட்டிய மனுஷன் முன்னால் அவர் படத்தைத் தலைகீழாக ஓட்டுவதற்கு மனம் வரவில்லை. நேராக ஓடினால் யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று ஒரு நப்பாசையும் இருந்தது. நல்ல படம்தானே, எப்படிப் பார்த்தால் என்ன.

எடிட்டர் வந்தார். ஒல்லியான கிழவர். புதுப் பல்செட் இன்னும் வாய்க்குப் பழகாமல், பேசாதபோதும் சிரிப்பதுபோல் இருந்தார். நடு நாற்காலி அவருக்கு. பேராசிரியர் ஓர் இடம் தள்ளி உட்கார நேர்ந்தது; வட்டத்தின் வரலாற்றில் அது பெரிய நிகழ்ச்சி.

விளக்கு அணைந்தது. வயலின் இசையோடு பெயர்கள் வந்தன. பேராசிரியர் நிமிர்ந்தார். அப்பா எண்ணெய் தேய்த்துக்கொண்டார். முதல்நாள் திரும்பி டாக்டரைப் பார்த்தார், டாக்டர் கையிலிருந்த வட்டைப் பார்த்தார். 'இடைவேளை' என்று வந்தபோது அது வெறும் இடைவேளையாக இருந்தது. பிறவியாக இல்லை. அப்பா செத்தார், மகள் சாவி கொடுத்தாள், எடிட்டர் மட்டும் கைக்குட்டையை எடுத்தார். முற்றும்.

முன்வரிசையில் பிள்ளை பெயில் என்று ரிசல்ட் வந்த வீடு மாதிரி ஓர் அமைதி. விளக்கு சட்டென்று போடப்பட்டது.

"கோர்வையா இருக்கு," என்றார் தசமம், சாப்பாட்டில் முடி கிடப்பதைச் சொல்லும் குரலில். "அஞ்சு புள்ளி ரெண்டு."

"அப்பா சாகப் போறாருன்னு முதல்லயே தெரிஞ்சுடுது," என்றார் முதல்நாள்.

"போன வாரம் முதல் சீன்லயே செத்தாரே, அப்ப தெரியலையா?" என்று டாக்டர் கேட்டார். கேட்ட பிறகு தான் யார் பக்கம் என்று அவருக்கே குழம்பியது.

பேராசிரியர் எடிட்டரின் பக்கம் திரும்பினார். கட்டுரை மடியில் இருந்தது. "ஐயா தப்பா எடுத்துக்கக் கூடாது. இது தயாரிப்பாளர் புகுந்து கெடுத்த பிரதின்னு நினைக்கிறேன். போன வாரம் நாங்க உங்க ஒரிஜினலைப் பார்த்தோம். சாவுல தொடங்கி, நடுவுல முற்றும் போட்டு, இடைவேளையில முடிச்சிருந்தீங்களே, அதை."

எடிட்டர் பல்செட்டை நாக்கால் சரி செய்துகொண்டார். "இல்ல தம்பி. நான் வெட்டினது இப்பப் போட்டீங்களே, இதுதான். ஒரு ஊர்ல தியேட்டர்காரன் ரீல் பெட்டியை மாத்தி ஓட்டிட்டான், நீங்க சொல்ற மாதிரியே. ஜனங்க நாற்காலியை உடைச்சாங்க. நானும் டைரக்டரும் அவனை அடிக்கவே போனோம்."

"அந்தத் தியேட்டர்காரர் ஒரு கலைஞர், ஐயா."

"அவன் குடிகாரன் தம்பி."

முதல்நாளுக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டார். பேராசிரியர் விடவில்லை. குரல் இன்னும் கனிந்தது. கனிந்த குரலில் சொன்னால் எதையும் சொல்லலாம் என்பது அவர் கொள்கை. "படைச்சவருக்குத் தன் படைப்பு முழுசா ஞாபகம் இருக்கணும்னு அவசியம் இல்லை ஐயா. வயசாகும்போது நினைவு முன்பின்னா மாறும். அது இயற்கை. படம் உங்களைத் தாண்டிப் போயிடுச்சு, அவ்வளவுதான்."

எடிட்டர் இரண்டு கைகளையும் விரித்து, விரல்களைப் பார்த்துக்கொண்டார். "மகளும் அப்படித்தான் சொல்றா," என்றார் மெதுவாக. "எல்லாத்தையும் மாத்திச் சொல்றேனாம். ஒருவேளை நான்தான்..."

கண்ணாடிக்காரர் மெத்தை நாற்காலியில் இருந்தார். பேராசிரியர் இன்னும் கட்டுரையைப் படிக்கவே தொடங்கவில்லை. கடைசி ஆள் பேசி முடிக்கவில்லை. விதி அப்படியே தலைக்குமேல் நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் போதும். படம் தோற்றாலும், போன வாரத்து ஒன்பது புள்ளி இரண்டை வைத்து வாதாடி நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

"ஐயா, உங்களுக்கு ஒண்ணும் மறக்கல," என்றார். "நீங்க சொல்றதுதான் சரி. போன வாரம் வட்டு மாறிப்போச்சு. நான்தான் வலது இடதுன்னு ஒட்டினேன். எங்க கடையில வலதுதான் முதல்ல. டாக்டர் இடதை முதல்ல போட்டுட்டாரு."

கூடத்தில் யாரும் படத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வட்டை மாற்றிப் போட்டதைப் பற்றியும் சொல்லவில்லை.

"பேசிட்டாரு," என்றார் தசமம்.

"பேசிட்டாரே," என்றார் முதல்நாள்.

டாக்டர் வருத்தத்தோடு எழுந்தார். நரம்பை எடுக்க வேண்டும் என்று நோயாளியிடம் சொல்லும்போது அவர் முகம் அப்படித்தான் இருக்கும். "எனக்குச் சங்கடமாத்தான் இருக்கு சார். ஆனா விதின்னா விதி."

"விதி கிடக்கட்டும்," என்றார் பேராசிரியர். "இவர் சொல்றதைக் கவனிச்சீங்களா? இப்படிப்பட்ட ஒரு படத்தைக் கொண்டுவந்து கொடுத்துட்டு, அது ஸ்டிக்கர் மாறினதுன்னு சொல்றாரு. படமே இவருக்குப் புரியலை. பாவம்." பிறகு டாக்டரிடம், "வட்டு ரெண்டும் இருக்கட்டும். அடுத்த வாரம் மறுபடி பார்ப்போம். சரியான வரிசையில."

தசமம் ஒன்பது புள்ளி இரண்டையும் ஐந்து புள்ளி இரண்டையும் கூட்டி வகுத்து, ஏழு புள்ளி இரண்டு என்று அறிவித்தார். அன்றைய தீர்ப்பு அத்தோடு முடிந்தது.

எடிட்டரை அவர் மகள் வீட்டில் விட்டுவர கண்ணாடிக்காரர்தான் ஸ்கூட்டரை எடுத்தார். வட்டத்தில் மற்றவர்களுக்கு விவாதம் பாக்கி இருந்தது. வெயில் இறங்கிய தெருவில் மெதுவாக ஓட்டினார்.

"அந்த இடம் போனது உங்களுக்கு வருத்தமா தம்பி?" பின்னாலிருந்து கேட்டார் கிழவர்.

"நாற்காலி நல்லா இருந்துச்சுங்க ஐயா. மெத்தை."

"சினிமாவுல உங்களுக்கு எது பிடிக்கும்? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

வண்டி கொஞ்சம் ஆடியது. இத்தனை நாள் காத்திருந்த கேள்வி, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறது. கண்ணாடிக்காரர் உண்மையையே சொன்னார். குடைப் படத்தைச் சொன்னார்.

வண்டி ஒரு திருப்பத்தைத் தாண்டியது. பிறகு முதுகில் ஏதோ குலுங்கியது. கிழவருக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து ஓரமாக நிறுத்தினார். எடிட்டர் சிரித்துக்கொண்டிருந்தார். "அந்த மாமனார்... குடைக்குள்ளயே வந்து நின்னுக்கிட்டு... 'மழை விட்டுடுச்சா மாப்ளே'ன்னு..." அதற்குமேல் முடியவில்லை. புதுப் பல்செட் கழன்று மடியில் விழுந்தது. கண்ணாடிக்காரருக்கும் தொற்றிக்கொண்டது. மூடிய ஒரு கடையின் முன்னால், ஸ்டாண்டு போட்ட ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு இருவரும் குலுங்கினார்கள். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கிழவர் கண்ணைத் துடைத்தார். பல்செட்டைச் சட்டையில் துடைத்து வாயில் பொருத்தினார். பொருந்தியதும் முகத்துக்கு ஒரு கம்பீரம் வந்தது.

"ஆனா ஒண்ணு தம்பி," என்றார். "அது சினிமா இல்ல."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மனைவி டி.வி.க்கு முன்னால் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "யாரு படம் போடப்போறா இன்னைக்கு?" என்று கேட்டார்.

"நான்தான். குடைப் படம்." அவள் வட்டைத் திருப்பிப் பார்த்தாள். "ஒரே வட்டுதான். மாத்திப் போட வழியில்லை. உட்காருங்க. இங்க பேசலாம், சிரிக்கலாம். டீ மட்டும் நீங்க போடணும்."